குருவிக்கு இன்னும் ஒரு நாள்

பிறந்த குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்குப் பெரியக்கா என்று பெயர். டாக்டரில் தொடங்கித் தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். உண்மையில் அவளை அக்கா என்று கூப்பிடப் பாத்தியதை உள்ளவன் உலகத்தில் ஒரே ஒருத்தன். அவன் நகரத்தின் மறுகோடியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். மற்றவர்களெல்லாம் ஓசியில் கூப்பிட்டவர்கள்.

வார்டில் அவளுடைய முக்கியமான வேலை மஞ்சளை இறக்குவது. பிறந்த இரண்டு மூன்று நாளில் பல குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துவிடும். கண்ணுக்குக் கறுப்புத் துணிப்பட்டை கட்டி, இடுப்புத் துணியோடு நீல விளக்கின் கீழே படுக்க வைத்தால், வெளிச்சம் அந்த மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பெரியக்கா குழந்தையின் நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுப்பாள். ரத்தம் திரும்பி வருவதற்குள் அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறதென்று பார்ப்பாள். பார்த்துவிட்டு அநேகமாக ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"இன்னும் ஒரு நாள் லைட்டுல இருக்கட்டும்."

வீட்டுக்குப் போகத் துணிமணியைக் கட்டி வைத்திருக்கும் தாய்மார்கள் இதைக் கேட்டு மூக்கைச் சிந்துவார்கள். வாடகைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்த அப்பாக்காரர்கள் முறைப்பார்கள். டாக்டரே சில சமயம், "போதும் பெரியக்கா, அனுப்பிடலாம்" என்பார். அவள் கல்லுளிமங்கி போல நிற்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூடுதலாக இருந்ததால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போனதில்லை. அதனால் இன்னும் ஒரு நாள் என்பது யாருக்கும் கெடுதல் செய்யாத விஷயம் என்று அவள் மனதார நம்பினாள்.

தம்பியின் மனைவி போன் செய்தபோது அவள் இரண்டு குழந்தைகளைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. உடம்பெல்லாம் அரிக்குதுன்னு சொறிஞ்சுக்கிட்டே இருக்காரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, எங்கக்காவே பெரிய டாக்டர்தான், அவ வரட்டும்னு படுத்திருக்காரு."

இரண்டு பஸ் மாறிப் போனாள். தம்பி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு குண்டு மனிதரைப் பற்றி மனைவியிடம் கதை அளந்துகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும், "வா, உன் வார்டுக்கு ஒரு பெரிய குழந்தை தயாரா இருக்கு" என்றான். அவள் அவன் நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மஞ்சளைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

அவள் திரும்பி நின்ற ஜன்னலில் ஒரு விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. நைலான் நூலில் கட்டிய, ஒரு முழ நீள பிளாஸ்டிக் விமானம். மொழுமொழுவென்று வெள்ளை. ஒரு கோடு, ஒரு எழுத்து, ஒரு எண் அதன்மேல் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன சார், இது இப்படி மூளியா இருக்கு?" என்று கேட்டால் தம்பி சொல்கிற பதில், "அதுக்கு இன்னும் பேர் வைக்கல. எங்கக்கா வந்துதான் வைக்கணும்."

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இவர்கள் அப்பா விமானத் திடலில் எரிபொருள் நிரப்புகிற வேலை பார்த்தார். குடியிருப்பின் பின்புறம் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஓடுபாதை. சாயங்காலமானால் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கும். உடம்பில் நீலக் கோடு, வாலில் சிவப்புக் குருவி. அக்காவும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு வேலிக்கு ஓடுவார்கள். தம்பி எப்போதும் முதலில் போய்ச் சேருவான். ஆனால் குருவியை முதலில் பார்த்தது தான்தான் என்று அக்கா சாதிப்பாள். அந்தக் கம்பெனி மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே விமானத்தின் மாடல் பெட்டி ஒன்றை அப்பா வாங்கி வந்தார். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. சண்டை போட்டால் பெட்டி அலமாரி உச்சிக்குப் போய்விடும் என்றார். பெட்டி பல வருஷம் அலமாரி உச்சியிலேயே இருந்தது என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசியில் இருவரும் வளர்ந்த பிறகுதான் அதைப் பிரித்தார்கள். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெட்டுவது, ஒட்டுவது, வண்ணம் அடிப்பது அவன். தண்ணி ஸ்டிக்கர் அவள்.

தண்ணி ஸ்டிக்கர் என்பது அவர்கள் வைத்த பெயர். கடையில் டெக்கால் என்பார்கள். கோடு, எழுத்து, குருவி எல்லாம் ஒரு தாளில் அச்சடித்திருக்கும். வேண்டியதை வெட்டித் தண்ணீரில் போட்டால், சற்று நேரத்தில் படம் மட்டும் காகிதத்தை விட்டு நழுவும். அதை மெதுவாக மாடலின் மேல் தள்ளி, பஞ்சால் ஒற்றி எடுத்தால், தூரிகையால் வரைந்தது போல ஒட்டிக்கொள்ளும். படத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏடு இருக்கிறது, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி. அது கிழியாமல் எடுக்கப் பொறுமை வேண்டும். தம்பியின் கை அவசரக் கை. ஆகவே அது அக்கா வேலை என்று தீர்மானமானது. அவள் தாளை நனைப்பாள், அவன் விமானத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு எண்ணுவான், நழுவியதும் "விடு" என்பான். பெட்டியின் மூடியில் ஒரு சின்னத் துண்டை வைத்து ஒத்திகைகூடப் பார்த்தார்கள்.

வண்ணம் காய்ந்த வாரம் அவளுக்குக் கல்யாணம். தம்பி அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அக்கா போகப்போகிறாள் என்ற துக்கத்தைச் சொல்லத் தெரியாமல், பந்தல் கட்ட வந்தவர்களோடெல்லாம் சண்டை போட்டான். கிளம்புகிற அன்று அவள் என்ன செய்தாள் தெரியுமா? பெட்டியைத் திறந்து ஸ்டிக்கர் தாளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் இல்லாம நீ எப்படி முடிக்கிறன்னு பார்க்கிறேன்."

"வராம எங்க போயிடப் போற? வந்துதானே ஆகணும்?" என்றான் அவன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான்.

அதற்கப்புறம் முப்பது வருஷம் இந்த விளையாட்டு நடந்தது. அவள் வரும்போதெல்லாம், "ஸ்டிக்கர் எங்கே?" "பத்திரமா இருக்கு, அடுத்த தடவை கொண்டு வர்றேன்." அவன் போகும்போதெல்லாம், "பிளேன் எங்கடா?" "நூல்ல தொங்குது, நீதான் வரணும்." அவளுக்கு ஷிப்ட், அவள் மகளுக்குப் படிப்பு, அவனுக்கு எங்காவது ஒரு கட்டடத்தில் பாதியில் நின்றுபோன லிஃப்ட். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சின்ன வயதில் பிடித்த வம்பை விடவும் மனசில்லை, முடிக்கவும் மனசில்லை. முடித்துவிட்டால் அடுத்த தடவை எதைச் சொல்லி வம்புக்கு இழுப்பது?

ஆஸ்பத்திரியில் தம்பிக்கு எல்லாம் பார்த்தார்கள். கணையத்தில் கட்டி. அது பித்தக் குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழாய்க்குள் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நாள் மஞ்சள் இறங்கி மறுபடி ஏறியது. இனி வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தின் அர்த்தம் மருத்துவமனையில் வேலை பார்ப்பவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பிக்கும் விளக்கத் தேவைப்படவில்லை. "உன் நீல லைட்டுல என்னையும் ஒரு வாரம் போட்டு எடேன்" என்றான்.

"அது குழந்தைங்க மஞ்சளுக்குடா. இது வேற மஞ்சள்."

"அப்போ ஒண்ணு பண்ணு. ஸ்டிக்கரைக் கொண்டு வா. முடிச்சிடலாம்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "அடுத்த தடவை" என்று அவளும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தாள். துணிகளுக்கு அடியில், பழுப்பு உறைக்குள், தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வெண்மையாகப் போட்ட தாள் முழுவதும் பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. நீலக் கோட்டின் ஓரமெல்லாம் மஞ்சள். குருவியைச் சுற்றி மஞ்சள். பத்திரமாக இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று முப்பது வருஷமாக அவள் சொன்னது இதைத்தான்.

அவள் கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வெள்ளை பிளேன்ல இதை ஒட்டினா, மூத்திரக் கறை மாதிரி இருக்கும்" என்றார். நல்ல மனிதர், ஆனால் எதை எப்போது சொல்வது என்ற நிதானம் அவருக்கு இன்றுவரை கைகூடவில்லை. அவள் ஒரு ஓரத்திலிருந்த வேண்டாத எண் ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். நழுவவில்லை. நொறுங்கித் துகள் துகளாக மிதந்தது.

மறுநாள் மாடல் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே பிறந்தவர் போல இருந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பழசுக்கு இதான் வியாதி. நொறுங்கறதுக்கு மருந்து இருக்கு. மேல ஒரு பூச்சு வார்னிஷ் அடிச்சு, நல்லா காய விட்டு நனைங்க, உடையாது. மஞ்சளுக்கும் வழி இருக்கு. பிளாஸ்டிக் பையில போட்டு, வெயில் படற ஜன்னல் கண்ணாடியில ஒட்டி விட்டுடுங்க. வெயில் மஞ்சளைக் குடிச்சிடும்."

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. முப்பது வருஷமாகச் செய்கிற வேலையை அல்லவா இவர் சொல்கிறார்!

"ஆனா ஒண்ணு. மஞ்சளை எடுக்கிற வெளிச்சம் கலரையும் எடுக்கும். நீலம் தாங்கும். சிவப்புதான் முதல்ல போகும். அந்தக் குருவியை மூடி வச்சுக்குங்க. இவ்வளவு பாடு எதுக்கும்மா? நாளைக்கே புதுசா அச்சடிச்சுத் தர்றேன், அச்சு அசலா."

அவள் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவன் குதித்தான். "முப்பது வருஷமா நீ ஒளிச்சு வச்சதை நான் இன்னும் வாங்கவே இல்ல. புதுசு ஒட்டினா நான் தோத்த மாதிரி ஆயிடும். பழசுதான் வேணும்."

வார்னிஷ் வாங்கிக்கொண்டு வந்தாள். தாளைப் பைக்குள் போட்டு, குருவியின் மேல் வார்டில் குழந்தைகள் கண்ணுக்குக் கட்டுகிற கறுப்புப் பட்டையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டி, ஜன்னலில் மாட்டினாள். அவ்வளவுதான், வானம் மூடிக்கொண்டது. அதற்கு முன்னால் ஊரையே பொசுக்கிய வெயில், எங்கே போனதென்று தெரியவில்லை. மழை, மழை விட்டால் மப்பு. தாள் ஜன்னலில் சும்மா தொங்கியது. தம்பி வீட்டு ஜன்னலில் விமானம் சும்மா தொங்கியது. அவன் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் பொறுத்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று அப்புறம்தான் உறைத்தது. வார்டில் ஒரு நீல விளக்கு பழுது பார்த்து வந்திருந்தது. அதைச் சாமான் அறையில் சில நாள் எரிய விட்டுப் பார்த்த பிறகுதான் குழந்தைகளுக்குப் போடுவார்கள். அதன் கீழே தாளை வைத்தாள். பழக்கதோஷம், அடியில் ஒரு சின்னத் துண்டையும் விரித்தாள்.

இளம் டாக்டர் ஒருவர் எதற்கோ அறைக்குள் வந்தார். விளக்கு, துண்டு, கறுப்புப் பட்டை கட்டிய ஒரு காகிதம்.

"பெரியக்கா, இது யாரோட குழந்தை?"

"எங்க தம்பியோடது டாக்டர்" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். வாய் கோணி அழுகை வந்துவிட்டது. டாக்டர் எடுக்க வந்த சாமானை மறந்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த விளக்கு சரியாகிவிட்டதா என்று அவர் கேட்கவே இல்லை.

விளக்கு வேலை செய்தது. தாள் மெல்ல மெல்ல வெளுத்தது. குருவியை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பட்டையோடு வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் பூச்சு அடித்துக் காய வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். தம்பி மனைவி கட்டிலோடு ஒரு மேஜையை இழுத்துப் போட்டாள். தம்பி முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்து விமானத்தைப் பிடித்துக்கொண்டான். முழங்கையை மேஜையில் ஊன்றிச் சமாளித்தான். அவள் நீலக் கோட்டை நனைத்தாள். அவன் எண்ணத் தொடங்கினான். வேண்டுமென்றே வேகமாக எண்ணினான்.

"டேய், ஒழுங்கா எண்ணு."

"உனக்கென்ன, நீ ஆமை. எனக்கு நேரமில்ல" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. தம்பி மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து, ஒழுங்காக, எண்ணினான். கோடு நழுவியது. "விடு" என்றான்.

கோடு இரண்டு பக்கமும் ஏறியது. பெயரெழுத்துகள் ஏறின. கதவுக் குறிகள், இறக்கை எண்கள். ஒன்றுகூட உடையவில்லை. மத்தியானத்துக்குள் மூளி விமானம் அப்பாவின் திடலில் வந்து இறங்கிய விமானமாகிவிட்டது. வால் மட்டும் பாக்கி.

"குருவி?"

"அது இன்னும் மஞ்சளா இருக்குடா. மூடி வச்சிருந்தேன்ல. கொஞ்சமா லைட்டுல காட்டிக் கொண்டு வர்றேன்."

"பார்த்தியா," என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னான், "ஒண்ணை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டா. புத்தி போகுமா?" சிரித்தான். ரொம்ப நேரம் விமானத்தை மடியிலேயே வைத்திருந்தான்.

பட்டையை எடுத்துவிட்டுக் குருவியை விளக்கின் கீழ் வைத்தாள். தினமும் எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் குறைந்தது, ஆனாலும் இறகின் ஓரத்தில் கொஞ்சம் இருந்தது. சிவப்பும் துளி வெளிறியது போலத் தோன்றியது. பிரமை என்று தள்ளிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் போதும் என்று எடுத்திருப்பார்கள். அவள் விரலை வைத்து அழுத்திப் பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். வார்டு புத்தி என்று சொல்லலாம். ஆனால் அது மட்டுமில்லை. அந்தக் குருவி ஏறிவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்துவிட்டால் அவன் எதற்காகக் காத்திருப்பான்? இதை அவள் தன்னிடம்கூட இப்படிப் பச்சையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஓரம் மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் தம்பியே போன் செய்தான். குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, இன்னைக்கு என்னமோ நல்லா இருக்கேன். எழுந்து உக்காந்திருக்கேன். சாயங்காலம் குருவியைக் கொண்டு வந்துடேன்."

"ஓரத்துல இன்னும் மஞ்சள் இருக்குடா."

"இருந்தா என்ன? நானும்தான் மஞ்சளா இருக்கேன். ஜோடி சேர்ந்துடும்."

"வெள்ளை வால்ல தனியாத் தெரியும்டா. இன்னும் ஒரு நாள் லைட்டுல இருக்கட்டும்."

"சரிக்கா. நீ சொன்னா சரி" என்றான்.

இப்படிப்பட்டவர்களுக்குப் போகிற காலத்தில் ஒரு நாள் தெளிவு வரும். பெரியவர்கள் வார்டில் இருக்கிற எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். இவள் பார்த்ததெல்லாம் பிறக்கிற பக்கத்தைத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இவளுக்காகவே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் குருவியை எடுத்தாள். மஞ்சள் போயிருந்தது. கூடவே சிவப்பும் போயிருந்தது. விளக்கை விட்டு வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால், வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு குருவி. ஒன்றும் செய்வதற்கில்லை. பூச்சு அடித்துக் காய வைத்து, மத்தியானம் வேலை முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்தாள்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ராத்திரியிலிருந்து ஒரு மாதிரி பேசறாரு அண்ணி. என்னையே யாருன்னு கேக்கறாரு. டாக்டர் வந்து பார்த்துட்டு, இனிமே இப்படித்தான்னுட்டாரு."

அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். கட்டிலோடு அந்த மேஜை இருந்தது. மேஜையில் விமானம், தூசி துடைத்து, வால் இந்தப் பக்கம் பார்க்க வைத்திருந்தது. பக்கத்தில் சின்ன இடுக்கி, பஞ்சு, அவன் மூக்குக் கண்ணாடி. ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர், தூசி விழாமல் மேலே ஒரு தட்டு.

"இதெல்லாம்?"

"நேத்து அவரே எடுத்து வச்சாரு. ஷேவ் பண்ணிவிடச் சொன்னாரு, சட்டை மாத்திக்கிட்டாரு. அண்ணி நாளைக்குத்தான்னு சொல்லிட்டாங்கன்னீங்களேன்னு கேட்டேன். அவ அப்படித்தான் சொல்லுவா, மனசு கேக்காம வந்துடுவா பாருன்னாரு. இருட்டற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. ஓடிப் போய் நேற்றைய சாயங்காலத்தை இழுத்துக்கொண்டு வர முடியுமா? ஒரு நாள் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு, அவன் எடுத்து வைத்த தண்ணீரிலேயே குருவியை நனைத்தாள். தானே எண்ணினாள். குருவி உடையவில்லை. காகிதத்தை விட்டு அழகாக நழுவித் தண்ணீரில் விரிந்தது. இடுக்கியை எடுத்தாள்.

"யாரு அது?"

தம்பி கண்ணைத் திறந்திருந்தான். மஞ்சள் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, உடுப்பைப் பார்த்தன.

"நான்தான்டா."

"நர்ஸம்மா, அதைத் தொடாதீங்க." குரல் மெலிந்திருந்தாலும் கண்டிப்பாக இருந்தது. "அது எங்கக்கா வேலை. வேற யாரும் தொட்டா உடைஞ்சுபோயிடும்."

"டேய், அக்காடா. என்னைப் பாருடா."

"அக்கா வேலைக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்துடுவா." அவன் கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தக் கையில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததென்று தெரியவில்லை. "வச்சிடுங்கம்மா. கோவிச்சுக்குவா."

தம்பி மனைவி கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெரியக்கா இடுக்கியை மேஜையில் வைத்தாள்.

"சரிங்க," என்றாள், "தொடல. அக்காவே வந்து ஒட்டட்டும்."

அவனுக்கு நிம்மதியாயிற்று. பிடியைத் தளர்த்தினான், ஆனால் கையை எடுக்கவில்லை. "நீங்களும் இருங்க. அவ வந்ததும் பார்த்துட்டுப் போங்க. ரொம்ப நேர்த்தியா ஒட்டுவா" என்றான். அவள் இருந்தாள். ஜன்னலில் அன்றைக்கென்று பளீரென்று வெயில் அடித்தது. இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவன் போய்விட்டான்.

சடங்கெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, தம்பி மனைவி வீட்டை ஒழுங்கு செய்தாள். மேஜையில் கிண்ணம் அப்படியே இருந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. அடியில் ரோஸ் நிறக் குருவி, இறகை விரித்தபடி, பீங்கானோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள். அசையவில்லை. கிண்ணத்தைப் பெரியக்காவிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"வெந்நீர் ஊத்தித் தேய்ச்சா வந்துடுமா அண்ணி? எடுத்து பிளேன்ல ஒட்டிடலாம்ல?"

அவள் கிண்ணத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மஞ்சள் துளியும் இல்லை.

"தேய்க்காதம்மா," என்றாள். "இருக்கட்டும்."